பாலை என்பது ஒரு நிலமா?

ஐந்திணைப் பாடத்தை நடத்தும்போது மலாக்கா மாநிலத் தமிழாசிரியர்களாகிய நாம் நான்கு திணைகளை எளிதாகக் கடந்துவிடுகின்றோம். குறிஞ்சிக்கு லேடாங் மலை இருக்கின்றது. அசகான் தோட்டத்துப் பிள்ளைகள் அதனை நாள்தோறும் காண்கின்றனர். முல்லைக்குக் காடும், மருதத்திற்கு அலோர் காஜா வட்டாரத்து வயல்களும், நெய்தலுக்குத் தஞ்சோங் கிளிங் கடற்கரையும் உள்ளன. பாலை வந்ததும் நம் கையிலுள்ள சுண்ணக்கட்டி சற்றே தயங்குகின்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை பெறும் மண்ணிலே பிறந்த பிள்ளைக்குப் பாலையை எதைக் காட்டி விளக்குவது? பெரும்பாலும் ஓர் ஒட்டகத்தையும் இரண்டு மணல் மேடுகளையும் கரும்பலகையில் வரைந்து, அரேபியாவைச் சொல்லி முடித்துவிடுகின்றோம்.

ஆனால் தொல்காப்பியர் பாலைக்குத் தனியாக ஒரு நிலத்தைக் கொடுக்கவில்லை. வேனிலையும் பின்பனியையும் கொடுத்தார், நண்பகலைக் கொடுத்தார், நிலத்தைக் கொடுக்கவில்லை. அவருக்குப் பின் வந்த இளங்கோவடிகளோ, முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பை இழந்து துன்புறும்போது கொள்ளும் வடிவமே பாலை என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் விளக்கினார். அதாவது, பாலை ஓர் இடமன்று. ஓர் இடத்திற்கு நேரும் நிலை. இதனைக் கொண்டு இளங்கோவடிகளே உலகின் முதற் சூழலியல் அறிஞர் என்று மேடையில் முழங்க வேண்டியதில்லை. எனினும், அவர் எழுப்பிய வேறுபாடு உண்மையானதுதானா என்று பாலைத் தாவரங்களை ஆராய்ந்தோரிடம் கேட்டறிவது தக்கதேயாகும்.

இக்கேள்வி இலக்கணக் கேள்வி மட்டுமன்று. நம் பள்ளிப் பிள்ளைகள் குடும்ப வரலாறு எழுதும்போது, ‘எங்கள் முன்னோர் பாலைவனம் போன்ற ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள்’ என்று எழுதுகின்றனர். பெரியவர்கள் சொல்லக் கேட்டதைத்தான் எழுதுகின்றனர். அவ்வாறாயின், நம் பாட்டன்மார் விட்டுவந்த ஊர் இயற்கையிலேயே எதற்கும் உதவாத மண்ணா, அல்லது இயல்பு இழந்த நல்ல மண்ணா? இரண்டிற்கும் வேறுபாடு பெரிது.

பாலைத் தாவரங்களை அவை வளரும் இடத்திலேயே வைத்து ஆராய்வதற்கென அமெரிக்காவின் கார்னகி நிறுவனம் 1903-இல் அரிசோனாவின் டூசான் நகருக்கு அருகே, டுமாமாக் என்னும் குன்றில் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவிற்று. அங்கு 1908-இல் வந்து சேர்ந்தவர் பாரஸ்ட் சிரீவ் என்னும் அறிஞர். அவர் 1878-இல் பிறந்தவர். பாலைக்கு வருமுன் அவர் ஆராய்ந்தது, ஜமாய்க்காத் தீவின் நீலமலையிலுள்ள மழைக்காட்டினை! எந்நேரமும் ஈரம் சொட்டும் காட்டைக் கண்ட கண்களோடு பாலைக்கு வந்தமையால், நீர் இன்மையை மட்டும் அவர் பார்க்கவில்லை. அங்கே எது எவ்வாறு வாழ்கின்றது என்று பார்த்தார்.

அந்நிலத்தின் புகழ்பெற்ற செடி சவாரோ என்னும் பெருங்கள்ளி. முதிர்ந்தால் தென்னை போல் உயரும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆனால் முளைத்துப் பத்தாண்டு ஆன பின்னரும் அதன் உயரம் ஒரு சாணுக்குக் குறைவே. இவ்வளவு மெல்ல வளரும் குழந்தையைக் கடும் வெயிலிலிருந்தும் இரவின் உறைபனியிலிருந்தும் காப்பது யார்? பாலோ வெர்டே போன்ற மரங்களின் நிழலிலேதான் இளங்கள்ளிகள் பிழைத்து வளர்கின்றன என்பதைச் சிரீவ் கண்டார். இத்தகைய மரத்தை இன்று சூழலியலார் செவிலிச் செடி என்று வழங்குகின்றனர். சங்க இலக்கியம் பயின்ற நமக்கு அப்பெயர் இனிக்கத்தான் செய்யும். மேலும், அக்கள்ளியின் வடவெல்லையை வரையறுப்பது குளிரின் கடுமையைவிட, உறைபனி இடைவிடாது நீடிக்கும் நேரமே என்பதையும் அவர் காட்டினார். இரவெல்லாம் உறைந்தாலும் மறுநாள் நண்பகலில் வெயில் தலைகாட்டி உறைவு நீங்கினால் கள்ளி பிழைத்துக்கொள்ளும். பகலிலும் நீங்காவிடில் மடியும்.

கள்ளியினம் நீரைச் சேமிக்கும் முறையும் அறியத்தக்கது. பிற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உட்கொள்ளும். அப்போது நீரும் ஆவியாகிப் போகும். கள்ளி இரவில் தன் தண்டின் துளைகளைத் திறந்து காற்றை வாங்கி வைத்துக்கொண்டு, பகலில் கதவைச் சாத்திவிட்டு உணவு சமைக்கின்றது. நம் தமிழகத்துக் கள்ளிகளுள் சதைப்பற்றுள்ளனவும் இவ்வழியையே மேற்கொள்கின்றன. இத்தனைக்கும் அவை அமெரிக்கக் கள்ளிக்கு உறவல்ல. ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே துன்பம் இரு கண்டங்களில் இரு வேறு குடும்பங்களுக்கு ஒரே உருவத்தைக் கொடுத்துவிட்டது.

சிரீவின் ஆய்வில் நம் கேள்விக்கு மிகவும் தேவையான பகுதி வேறொன்று. அக்காலத்து அறிஞர் பலர், எந்த நிலத்தின் தாவரமும் படிப்படியாக மாறி ஒரு நிறைநிலையை அடையும் என்று கருதினர். பாலையில் அப்படிகள் இல்லை என்றார் சிரீவ். அங்கே ஒரு செடி மடிந்தால் பெரும்பாலும் அதே இனமே மீண்டும் அவ்விடத்தை நிரப்புகின்றது. பாலை என்பது காடாக முயன்று தோற்ற நிலமன்று. தன்னளவில் முழுமை பெற்ற நிலம். அவருடைய வாழ்நாள் உழைப்பின் விளைவாகிய சொனோராப் பாலையின் தாவரம் பற்றிய நூல், அவர் 1950-இல் மறைந்த பின், 1951-இல் வெளிவந்தது.

ஆகவே இயற்கைப் பாலை வேறு. பாழ்பட்ட நிலம் வேறு. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இந்தியாவுக்குத் திரும்புவோம்.

இந்தியாவில் இயற்கைப் பாலை உண்டு. அது தார்ப் பாலை. அதன் மேற்கிலுள்ள ஜெய்சால்மரில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. பம்பாய்த் தூய சேவியர் கல்லூரியிலிருந்த சுவிட்சர்லாந்து நாட்டுப் பாதிரியார் எத்தல்பர்ட் பிளாட்டர், ஹால்பர்க் என்னும் அறிஞருடன் அப்பகுதியில் சுற்றித் திரிந்து, 1918 முதல் அதன் தாவரங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார். விடுதலைக்குப் பின் 1952-இல் ஜோத்பூரில் பாலையில் மரம் வளர்க்கும் ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பெற்று, 1959-இல் மத்திய வறள்நில ஆய்வு நிறுவனமாக வளர்ந்தது. நகர்ந்து ஊர்களையும் வயல்களையும் மூடும் மணல் மேடுகளை நிறுத்துவது அதன் முதற் பணிகளுள் ஒன்று. உள்ளூர்ப் புதர்க் குச்சிகளை மணலில் வரிசையாகவும் கட்டம் கட்டமாகவும் நட்டுக் காற்றின் வேகத்தைத் தணித்து, இடையிடையே மரக்கன்றும் புல்லும் வளர்த்தனர்.

அந்நிலையம் ஆராய்ந்த மரங்களுள் ‘கேஜ்ரி’ என்பது தலையாயது. அதன் வேர் மிக ஆழமாகச் செல்லும். அதனடியில் கம்பு விதைத்தால் பயிர் கெடாது. அதன் நிழல் மண்ணில் வெட்டவெளி மண்ணைவிடச் சத்து மிகுதி. காய் கறியாகும், தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி. இம்மரங்களை வெட்ட வந்தபோது 1730-இல் கேஜர்லி என்னும் ஊரில் பிஷ்னோய் மக்கள் 363 பேர் மரங்களைத் தழுவி நின்று உயிர் துறந்தனர். இந்தக் கேஜ்ரி நமக்கு அயலார் அல்லர். நாம் வன்னி என்று வழங்கும் மரமே அது. விருத்தாசலம் கோயிலின் தலமரம். பாண்டவர் தம் படைக்கலங்களை மறைத்துவைத்த மரம் என்று பாரதக் கதை கூறுவதும் இதனையே.

இன்னொன்றும் உண்டு. பாலைப் பாட்டுகளில் வரும் உகாய் மரத்தைப் படிக்கும்போது மாணவர் அடிக்குறிப்பைப் பார்த்து ‘ஒருவகை மரம்’ என்று மனப்பாடம் செய்கின்றனர். குறுந்தொகைப் புலவர் ஒருவர் அதன் அடிமரத்தைப் புறாவின் முதுகோடு ஒப்பிடும் அளவுக்கு அருகில் நின்று பார்த்திருக்கின்றார். அதே மரம் தார்ப் பாலையிலும் அரேபியாவிலும் வளர்கின்றது. அதன் குச்சியைத்தான் நம் மலாய் நண்பர்கள் ‘காயு சூகி’ என்று பல் துலக்கப் பயன்படுத்துகின்றனர். மலாக்காக் கடைத்தெருவில் கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொருள், வகுப்பறையில் வெறும் அடிக்குறிப்பாகக் கிடக்கின்றது!

இனி, நம் முன்னோர் விட்டுவந்த மாவட்டங்களைப் பார்ப்போம். திருச்சி, சேலம், தஞ்சை, வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் ஆகியவற்றிலிருந்தே மலாயாத் தோட்டங்களுக்கு மிகுதியாக ஆள் வந்தது. இவற்றுள் வறட்சிக்குப் பெயர்போன இராமநாதபுரத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கு ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. ஜெய்சால்மரைவிட நான்கு மடங்கு. சிரீவ் ஆராய்ந்த டூசானைவிட இரு மடங்கிற்கும் மேல். எந்தக் கணக்கிலும் அது இயற்கைப் பாலையன்று. குறை மழையின் அளவில் இல்லை. அது பெய்யும் முறையில் இருக்கின்றது. ஐப்பசி கார்த்திகையில் சில நாள்களில் கொட்டிவிட்டு, எஞ்சிய திங்கள்களில் வானம் வாய் மூடிக்கொள்ளும். அந்தச் சில நாள் மழையைப் பிடித்து வைப்பதற்காகவே முன்னோர் கண்மாய்களை வெட்டினர். தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் எனக் கணக்கிடப்பட்டவை ஏறத்தாழ 39,000. இராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று சொல்வது அவ்வட்டார வழக்கு.

கண்மாய் தானாக வாழ்வதில்லை. ஆண்டுதோறும் வண்டல் அள்ளவேண்டும், கரை உயர்த்தவேண்டும், வரத்துக்கால் தூர் எடுக்கவேண்டும். ஊரார் கூடிச் செய்த இவ்வேலை குடிமராமத்து எனப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் வரியின் சுமையும் உரிமைகளின் மாற்றமும் ஊரின் இந்தக் கட்டுக்கோப்பைத் தளர்த்தின. 1858-இல் குடிமராமத்தைக் கட்டாயமாக்கிச் சென்னை அரசு சட்டமே இயற்றியதிலிருந்து, அது எந்த அளவுக்குக் குலைந்திருந்தது என்பதை உணரலாம். பருவமழை பொய்த்தபோது அதன் விளைவு தெரிந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணம் மிகக் கொடிய அடி வாங்கிற்று. பஞ்சம் நிலவிய அந்நாளில், 1877 ஜனவரி முதல் நாளன்று, விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் பெருவிழா தில்லியில் நடந்தது. அதே ஆண்டில் நிவாரண வேலைக்கு வந்த வலுவுள்ள ஆண்மகனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமே போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி அளவு வகுத்தார். மண் வெட்டும் ஆளுக்கு அரைக் கிலோவுக்கும் குறைந்த தானியம்! வானம் செய்த பிழைக்கு வானத்தையே முழுப் பொறுப்பாக்கும் வரலாற்றை நான் ஏற்பதற்கில்லை.

அந்த ஆண்டை வரலாறு படிப்போர் இன்னொரு வகையிலும் நினைவில் வைக்கவேண்டும். 1876-இல் சென்னை மாகாண வனத்துறையின் கர்னல் பெடோம், வறண்ட நிலங்களில் நடுவதற்கு ஒரு முள்மர விதையை வரவழைத்துத் தருமாறு அரசுக்கு எழுதினார். ஜமாய்க்காவிலிருந்து வந்த விதைகள் 1877-இல் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டன. பின்னாளில் தமிழர் வாயில் சீமைக் கருவேலம் என்று பெயர் பெற்றது அதுவே. அதே 1876-இல் பிரேசிலிலிருந்து விக்காம் என்பவர் கொண்டுவந்த ரப்பர் விதைகள் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பஞ்சத்தில் தமிழர் மடிந்துகொண்டிருந்த அதே காலத்தில், அவர்களுடைய பேரர்களின் வாழ்வை ஆளப்போகும் இரண்டு அயல்மரங்கள், கடலின் இரு கரைகளிலும் சத்தமின்றி வேரூன்றின.

இக்கரையின் கதை நமக்குத் தெரிந்ததே. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக 1888-இல் வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டு, விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தோட்டக்காரர்களை வற்புறுத்தி அலைந்தார். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பட்டம் சூட்டினார்களேயன்றி, பலர் கேட்கவில்லை. கேட்டவர் மலாக்காச் சீனரான டான் சே யான். அவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். 1898-இல் புக்கிட் அசகானில் மிகப் பெரிய அளவில் தொடங்கினார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் நம் மாநிலத்து மண்ணில் எழுந்தது. அதன் பின்னரே கங்காணிகளின் கப்பல்கள் நிறைந்தன. இன்று அம்மரங்கள் பலவும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனையும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அயல்மரமே.

அக்கரையின் கதையை இங்குள்ளோர் அவ்வளவாக அறியோம். சீமைக் கருவேலத்தைக் கொண்டுவந்தவர் யாரென்று கேட்டால், விடுதலைக்குப் பிந்தைய ஆட்சிகளுள் ஒன்றின் பெயரைச் சொல்வது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. பின்வந்தோர் பரப்பியதுண்டு, ஜோத்பூர் அரசு 1940-இல் அதனை ‘அரச மரம்’ என்றே அறிவித்துப் பாதுகாத்தது. ஆனால் தொடக்கம் 1877. அதன் ஆற்றல் வேரில் உள்ளது. அரிசோனாவில் ஒரு சுரங்கத்தைத் தோண்டியபோது, இவ்வின மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டதாக 1963-இல் ஆய்வுக்குறிப்பு வெளிவந்தது. இனிப்பான அதன் காயை ஆடுமாடுகள் விரும்பி உண்ணும். விதை சாணத்தோடு வெளிவந்து எளிதில் முளைக்கும். வெட்டினால் அடியிலிருந்து பல கிளையாய்த் துளிர்க்கும். தூர்ந்துபோன கண்மாயின் வண்டலும் ஈரமும் அதற்கு விருந்தாயின. பயிர் செய்யவியலாத குடும்பங்களுக்குக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கவும் அதுவே வழியாயிற்று.

இன்று அம்மரத்தைப் பற்றி நம்பமுடியாத பல செய்திகள் உலவுகின்றன. காற்றின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்கின்றனர், அதற்குச் சான்றில்லை. அது நீர்நிலைகளை அடைப்பதும், தன்கீழ்ப் பிற செடிகளை வளரவிடாமல் நெருக்குவதும் மெய். 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்ற ஆணையிட்டது. வழக்கும் வாதமும் அதற்குப் பின்னும் தொடர்ந்தன. அகற்றுவது எளிதன்று. முன்பு தமிழகத்தை முள்காடாக்கிய சப்பாத்திக் கள்ளியும் அயல் செடியே. 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு பூச்சி அதனைத் தின்று அடக்கியது. சீமைக் கருவேலத்திற்கு அவ்வாறு ஒரு பகை இதுவரை வாய்க்கவில்லை.

வன்னியும் சீமைக் கருவேலமும் நெடுங்காலம் தாவரநூலில் ஒரே பேரினத்துள் வைக்கப்பட்டிருந்தன. ஒன்றன் கீழே கம்பு விளைகின்றது; மற்றதன் கீழே புல்லும் தயங்குகின்றது. 2022-இல் அறிஞர்கள் அப்பேரினத்தைப் பிரித்து அமைத்தபோது, வன்னி பழைய பெயரிலேயே நின்றது. அமெரிக்க மரம் வேறு பேரினத்திற்குப் போயிற்று. மரத்தில் நல்லது கெட்டது என்று பிறப்பிலேயே இருப்பதாக நான் கருதவில்லை. தன் ஊரில் சீமைக் கருவேலத்திற்கும் அளவும் எல்லையும் உண்டு. சவாரோக் கள்ளிக்குச் செவிலியாய் நிற்கும் மரங்களுள் அதன் நெருங்கிய உறவினமும் ஒன்று.

தாது வருடப் பஞ்சம் நடந்து சரியாக நூறாண்டு கழித்து, 1977-இல் நைரோபியில் நிலம் பாலையாதலைப் பற்றிய முதல் உலக மாநாட்டை ஐக்கிய நாடுகள் அவை கூட்டிற்று. 1994-இல் உருவான உடன்படிக்கை, வானிலை மாற்றத்தாலும் மனிதச் செயலாலும் வறள்நிலம் தன் வளத்தை இழப்பதே பாலையாதல் என்று வரையறுத்தது. இயற்கைப் பாலை பரவி வந்து ஊரை விழுங்குகிறது என்ற பழைய எண்ணம் அங்கே பின்னுக்குப் போயிற்று. நல்ல நிலம் தன் இயல்பு திரிதல் என்பதே முன்னுக்கு வந்தது. இளங்கோவடிகள் வெயிலை மட்டும் சொன்னார். உடன்படிக்கை மனிதனையும் சேர்த்துக்கொண்டது.

எனவே, பிள்ளைகள் குடும்ப வரலாறு எழுதும்போது, முன்னோரின் ஊருக்குக் கண்மாய் இருந்ததா, அதற்கு எத்தனை மடை, அது எப்போது தூர்ந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லலாம். விடை பல வீடுகளில் கிடைக்காது. சில வீடுகளில் கிடைக்கும். பாலையை விளக்கவும் ஒட்டகம் தேவையில்லை. 1991-ஆம் ஆண்டை நினைவில் வைத்திருக்கும் தாத்தா பாட்டியர் மலாக்காவில் இன்னும் பலர் உள்ளனர். அவ்வாண்டு மழை பொய்த்து டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றியது. மாநிலமே குடிநீருக்குத் தவித்தது. சுற்றிலும் பச்சை மாறாத தோட்டங்கள் இருக்க, நடுவே நீர் நின்ற இடம் வெறும் தரையாயிற்று.